எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் தனியாகவா ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது?

மருதம்_டீச்சர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் உலகப்போர் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்கள். ஒரு பையன் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் கொண்டுவந்து காட்டினான். 1942-ல் பெங்கால் என்ற குட்டி இந்தியப் போர்க்கப்பல் இரண்டு பெரிய ஜப்பானியக் கப்பல்களைத் தனியாக எதிர்த்து நின்றது, ஒன்றை மூழ்கடித்தது, தான் காவலுக்குப் போன எண்ணெய்க் கப்பலையும் பத்திரமாகக் காப்பாற்றியது என்று அதில் இருந்தது. படிக்கும்போது புல்லரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அட்டையில் எழுதி ஒட்டுவதற்கு முன் உண்மையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

அப்போது இந்தியாவுக்கென்று கடற்படை இருந்ததா? இப்படி ஒரு சின்னக் கப்பலை நம்பி எண்ணெய்க் கப்பலை ஏன் அனுப்பினார்கள்? பின்னால் அந்தக் கப்பல் என்ன ஆனது? தெரிந்தவர்கள் சொன்னால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

டேங்கர்க்காரன் பதில்:

டீச்சர், வணக்கம். நான் எண்ணெய்க் கப்பல்களில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தச் சண்டையைப் பற்றி எங்கே என்ன கிடைத்தாலும் விடாமல் படிப்பேன். உங்கள் மாணவன் கொண்டுவந்த செய்தியில் பாதிதான் இருக்கிறது. ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலை வெறுமனே காப்பாற்றப்பட்ட கப்பலாக ஆக்கிவிட்டார்கள். ஒண்டினாவும் சண்டை போட்ட கப்பல். அதன் கேப்டன் அந்தச் சண்டையில் செத்துப்போனார். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடற்படை இருந்தது. அதன் பெயர் ராயல் இந்தியன் நேவி. அதன் கப்பல் பெயருக்கு முன்னால் வரும் எச்.எம்.ஐ.எஸ். என்பது "மன்னரின் இந்தியக் கப்பல்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1939-ல் போர் தொடங்கியபோது அதில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை, கப்பல்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். போர் முடிந்தபோது ஆள்பலம் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. அதிகாரிகளில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள், மாலுமிகள் இந்தியர்கள். போருக்கு முன்பு கொங்கண் கரையிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும்தான் அதிகம் பேரை எடுத்தார்கள். போரின்போது நம் சென்னை மாகாணம் உட்பட எல்லாப் பக்கமிருந்தும் எடுத்தார்கள்.

பெங்கால் ஆஸ்திரேலியாவில் கட்டிய கப்பல், சிட்னியின் காக்கட்டூ கப்பல் தளத்தில். பாதர்ஸ்ட் என்ற வகை. அந்த வகையில் மொத்தம் 60 கப்பல்கள் கட்டினார்கள், அதில் நான்கு இந்தியாவுக்கு: பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். ஆமாம், மெட்ராஸ் என்றும் ஒரு கப்பல் இருந்தது, அதுவும் காக்கட்டூவில்தான் கட்டப்பட்டது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பெங்கால் 1942 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. நீளம் 57 மீட்டர், எடை சுமார் 700 டன், வேகம் 15 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). கண்ணிவெடி அகற்றவும், நீர்மூழ்கிகளிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கவும் செய்த கப்பல் அது. பெரிய கப்பலோடு பீரங்கிச் சண்டை போடச் செய்ததல்ல. அதற்கு 4 அங்குல பீரங்கி ஒன்று வந்திருக்க வேண்டும். அது கிடைக்காததால் 12 பவுண்டர் என்ற 3 அங்குல பீரங்கியைப் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். அது போக ஒரு போஃபர்ஸும் சில ஆர்லிக்கன்களும். இவை விமானத்தைச் சுடுவதற்கானவை.

இவ்வளவு சின்னக் கப்பலை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டீர்கள். வேறு கப்பல் இல்லை, அதுதான் பதில். 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9-ல் திருகோணமலையை. கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு குரூசர்களும் (பெரிய, வேகமான போர்க்கப்பல்கள்), ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கியும் அந்த வாரத்திலேயே மூழ்கின. ஹெர்மிஸ் கிடப்பது மட்டக்களப்புக்கு அருகில். பிரிட்டிஷாரின் கீழைக் கடற்படை அதன் பிறகு ஆப்பிரிக்கக் கரையில் மொம்பாசாவுக்கு அருகிலுள்ள கிலிண்டினிக்கு ஒதுங்கிவிட்டது. பர்மா எண்ணெயும் போச்சு, ஜாவா சுமத்ரா எண்ணெயும் போச்சு. ஆஸ்திரேலியாவுக்கு எண்ணெய் வேண்டுமென்றால் பாரசீக வளைகுடாவின் அபாதானிலிருந்து இந்துமாக்கடல் முழுவதையும் கடந்து வர வேண்டும். ஒவ்வொரு டேங்கரும் தங்கத்துக்குச் சமம். இருந்தும் கூட அனுப்ப ஆளில்லை.

ஒண்டினா 1939-ல் கட்டிய கப்பல், 6,341 டன். எண்ணெய் ஏற்றிவர அபாதான் பக்கம் போய்க்கொண்டிருந்ததால் தொட்டிகள் காலி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதுதான் கப்பலைக் காப்பாற்றியது. பின்பக்கத்தில் ஒரு 4 அங்குல பீரங்கி, 32 குண்டுகள். பீரங்கியை இயக்க டச்சுக்காரர், பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர் கலந்த ஒரு குழு. கப்பல் வேலைக்குச் சீன மாலுமிகளும் இருந்தார்கள். கேப்டன் வில்லெம் ஹோர்ஸ்மன். பெங்காலின் கேப்டன் லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் வில்சன். இரண்டு கப்பலும் ஃப்ரீமேண்டிலிலிருந்து நவம்பர் 5-ல் டியாகோ கார்சியாவை நோக்கிக் கிளம்பின.

நவம்பர் 11, நண்பகல் நெருங்கும் நேரம். கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 500 கடல் மைல். எதிரே இரண்டு பெரிய கப்பல்கள் தெரிந்தன, ஹோகோக்கு மாரு, ஐகோக்கு மாரு. பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லக் கட்டிய கப்பல்களுக்கு ஆயுதம் பொருத்திக் கொள்ளைக் கப்பல்களாக மாற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றும் 10,438 டன், வேகம் 21 நாட். 14 சென்டிமீட்டர் பீரங்கிகள், டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து போய்க் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு) விடும் குழாய்கள், கடல் விமானங்கள் எல்லாம் இருந்தன. அதே வருஷம் மே மாதம் ஜெனோட்டா என்ற டச்சு டேங்கரைப் பிடித்து ஜப்பானுக்கு அனுப்பியவை இவைதான். ஜெனோட்டாவுக்கு ஓசே என்று பெயர் மாற்றித் தங்கள் கடற்படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஜூலையில் ஹவ்ராக்கி என்ற நியூசிலாந்துக் கப்பலையும் அப்படியே பிடித்தார்கள். இப்போது ஒண்டினாவைப் பார்த்தபோதும் அந்தக் கண்தான் இருந்திருக்கும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன், பிள்ளைகள் படமாகவே வரையலாம். பெங்காலின் பீரங்கிக் குண்டு ஐந்தரைக் கிலோ. ஜப்பானியக் குண்டு 38 கிலோ. பெங்காலின் குண்டு எட்டாத தூரத்தில் நின்றே அவர்களால் அடிக்க முடியும்.

வில்சன் என்ன செய்தார் தெரியுமா? ஒண்டினாவைத் தனியே ஓடச் சொல்லி, பிறகு சந்திக்கும் இடத்தையும் குறித்துக் கொடுத்துவிட்டு, பெங்காலை நேராக ஹோகோக்கு மாருவை நோக்கித் திருப்பினார். 15 நாட் கப்பல் 21 நாட் கப்பலை நோக்கிப் போகிறது. மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்கு வந்ததும் சுட ஆரம்பித்தார்கள். கப்பல் பணியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, முழுசாகச் சண்டையே பார்த்திராத மாலுமிகள் அவர்கள். குண்டை எடுத்துக் கொடுத்தவன், பீரங்கியைக் குறிபார்த்தவன், கீழே கொதிகலனைப் பார்த்துக்கொண்டவன் எல்லாரும் நம் ஆட்கள். எனக்கு இந்தச் சண்டையில் பெரிதாகத் தெரிவது அந்தத் திரும்பல்தான். காவலுக்குப் போன கப்பலின் வேலை என்ன? எதிரியின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்க வேண்டும், காவலில் இருக்கும் கப்பலுக்கு நேரம் வாங்கித் தர வேண்டும். வில்சன் அதைச் செய்துவிட்டார். எதிரி மூழ்கினானா இல்லையா என்பது அதற்கு அப்புறம்தான்.

இனி ஒண்டினா. ஹோர்ஸ்மன் ஓடவில்லை. அவர் கப்பலின் வேகம் 12 நாட். நட்டநடு பகலில், மேகமோ இருட்டோ இல்லாமல், 21 நாட் கப்பலிடமிருந்து எங்கே ஓடுவது? நின்று சுடுவோம் என்று முடிவு செய்தார். அவருடைய 4 அங்குல பீரங்கிக் குண்டு 14 கிலோ, பெங்காலின் குண்டைப் போல இரண்டரை மடங்கு. முதல் சில குண்டுகள் தவறின, அப்புறம் பட ஆரம்பித்தன. ஒரு அடி ஹோகோக்கு மாருவின் வலப்பக்க டார்பிடோக் குழாய்கள் இருந்த இடத்தில் விழுந்தது. டார்பிடோக்கள் வெடித்தன, தீ பரவியது, கப்பல் சாய்ந்தது. தீ பின்பகுதியில் இருந்த வெடிமருந்து அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் கப்பல் வெடித்து மூழ்கியது. அதிலிருந்த 354 பேரில் 76 பேர் இறந்தார்கள், கேப்டன் இமாசாத்தோவும் அதில் ஒருவர்.

அந்த அடி யாருடையது? இரண்டு கப்பலும் ஒரே நேரத்தில் அதே கப்பலைச் சுட்டுக்கொண்டிருந்தன, இரண்டுமே தங்களுடையது என்றன. போர்க்காலச் செய்திகளில் பெங்காலுக்குப் பெயர் போனது. டச்சுக்காரர்கள் ஒண்டினாதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். குண்டின் எடையையும் ஒண்டினாவின் குறியையும் வைத்துப் பார்த்தால் எனக்கும் ஒண்டினா பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் பெங்கால் முகத்துக்கு நேராகப் போய் நிற்காமல் இருந்திருந்தால் ஒண்டினாவுக்கு அந்தக் குறி பார்க்க அவகாசம் கிடைத்திருக்காது என்பதும் என் எண்ணம்.

அதனால் அட்டையில் "தனியாக" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், டீச்சர்.

கரைவலை பதில்:

ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஹோகோக்கு மாரு மூழ்கிய பிறகு பெங்கால் ஒண்டினாவை விட்டுவிட்டுப் போய்விட்டது என்றுதானே படித்திருக்கிறேன்? அப்புறம் ஐகோக்கு மாரு வந்து ஒண்டினாவை அடித்தது, உயிர்காக்கும் படகுகளில் இருந்தவர்களையும் சுட்டது என்று இருந்தது. காவலுக்குப் போன கப்பல் நடுவில் கிளம்பிவிட்டால் அதை வீரம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டாமா?

டேங்கர்க்காரன் பதில்:

தம்பி, கட்டாயம் சொல்ல வேண்டும். நான் தொடர்ந்து எழுதத்தான் இருந்தேன். நீங்கள் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெங்காலும் அடி வாங்கியிருந்தது, குண்டுகளும் தீரும் நிலைக்கு வந்துவிட்டன. ஒண்டினாவை மறைக்கப் புகை போட்டுப் பார்த்தார்கள். ஐகோக்கு மாரு கொஞ்ச தூரம் பெங்காலைத் துரத்திச் சுட்டது, அப்புறம் ஒண்டினா பக்கம் திரும்பியது. ஒண்டினா அடிபட்டதைப் பெங்காலில் இருந்தவர்கள் பார்த்தார்கள், அது போய்விட்டது என்றே நினைத்தார்கள். டியாகோ கார்சியா போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான் தகவல் கொடுத்தார்கள். இவ்வளவு நடந்தும் பெங்காலில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. டச்சுக்காரர்கள் மனம் கசந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒண்டினாவில் இருந்தவர்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். துணைக்கு வந்த கப்பல் அடிவானத்தில் மறைவதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும்.

ஆனாலும் வில்சன் போனது சரி என்பதுதான் என் முடிவு. ஏன் என்றால், அதே 1942 மார்ச் 4-ல் ஜாவாவுக்குத் தெற்கே ஆஸ்திரேலியாவின் யாரா என்ற ஸ்லூப் (சிறிய காவல் போர்க்கப்பல்) மூன்று கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது. அட்டாகோ, டக்காவோ, மாயா என்ற மூன்று ஜப்பானியக் கனரகக் குரூசர்கள் வந்தன. யாரா புகை போட்டுவிட்டு அவற்றை நோக்கித் திரும்பியது, கடைசி வரை சுட்டது. யாராவும் மூழ்கியது, காவலில் வந்த மூன்று கப்பலும் மூழ்கின. 151 பேரில் 13 பேர்தான் மிஞ்சினார்கள். அந்த மாலுமிகளை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஆனால் அட்லாண்டிக்கில் 1940 நவம்பர் 5-ல் ஜெர்விஸ் பே என்ற கப்பல் அட்மிரல் ஷியர் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை எதிர்த்து மூழ்கியபோது பலன் வேறு. அங்கே காவலில் 37 கப்பல்கள் இருந்தன, மாலை நேரம், ஜெர்விஸ் பே வாங்கிக் கொடுத்த அவகாசத்தில் அவை சிதறி இருட்டுக்குள் ஓட முடிந்தது. பெரும்பாலானவை தப்பின.

பெங்காலுக்கு இருந்தது ஒரே கப்பல், அதுவும் ஓட முடியாத கப்பல், பொழுதோ நண்பகல். குண்டில்லாத கப்பல் இன்னும் அரைமணி நேரம் அங்கே நின்றிருந்தால் இரண்டு கப்பலும் போயிருக்கும். தன்னால் ஆனதைச் செய்து முடித்த பிறகுதான் போனது. அதனால் நான் வில்சனைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கொடுத்தார்கள், அதுவும் தகும்.

சரி, இப்போது ஒண்டினாவுக்கு வருவோம். வாட்ஸ்அப் செய்தி எழுதியவர்கள் யாரும் தொடாத பகுதி இதுதான்.

ஒண்டினாவில் இருந்த குண்டுகள் தீர்ந்தன. வெள்ளைக்கொடி ஏற்றி, கப்பலைக் கைவிடச் சொன்னார் ஹோர்ஸ்மன். அதற்குப் பிறகும் ஐகோக்கு மாரு சுட்டது. கேப்டன் நின்று கப்பலை நடத்தும் மேல்தளமான பாலத்தில் ஒரு குண்டு விழுந்து ஹோர்ஸ்மன் அங்கேயே இறந்தார். மற்றவர்கள் படகுகளிலும் மிதவைகளிலும் இறங்கினார்கள். ஐகோக்கு மாரு சில நூறு மீட்டர் கிட்டே வந்து டார்பிடோக்கள் விட்டது, இரண்டு பட்டன. கப்பல் பயங்கரமாகச் சாய்ந்தது. அப்புறம் படகுகளில் இருந்தவர்கள் மேல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். தலைமைப் பொறியாளரும் இன்னும் சிலரும் அதில் செத்தார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயுதம் இல்லாமல் படகில் உட்கார்ந்திருப்பவர்களைச் சுடுவது கொலை.

ஐகோக்கு மாரு தன் கூட்டாளிக் கப்பலில் தப்பியவர்களைக் கடலிலிருந்து பொறுக்கப் போனது. திரும்பி வந்து இன்னொரு டார்பிடோ விட்டது, அது படவில்லை. எப்படியும் மூழ்கிவிடும் என்று விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஒண்டினா மூழ்கவில்லை. டேங்கர் என்பது ஒரே பெரிய தொட்டி அல்ல. குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சுவர் வைத்துப் பல தொட்டிகளாகப் பிரித்திருப்பார்கள். இரண்டு மூன்று உடைந்தாலும் மற்றவை காற்றோடு மூடி இருக்கும் வரை கப்பல் மிதக்கும். தொட்டிகள் காலியாக இருந்ததால் மிதக்கும் சக்தி நிறையவே இருந்தது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. எண்ணெய் இறக்கிய தொட்டியில் வாயு தங்கியிருந்தால், நிரம்பிய தொட்டியைவிட எளிதில் வெடிக்கும். இன்றைக்கு அதற்கென்று தீப்பிடிக்க விடாத மந்த வாயுவை நிரப்புகிறோம், அந்தக் காலத்து டேங்கர்களில் அந்த வசதி இல்லை. இரண்டு டார்பிடோ வாங்கியும் அது வெடிக்காமல் இருந்ததை என் போன்ற ஆட்கள்தான் முழுசாக உணர முடியும்.

படகில் இருந்தவர்களை முதல் அதிகாரி ரேவிங்கெல் திரும்பக் கப்பலுக்குக் கூட்டிவந்தார். முதலில் ஒரு சிலர்தான் ஏறினார்கள். மற்றவர்கள் பயந்தார்கள், அதில் தப்பே இல்லை. இரண்டு டார்பிடோ பட்ட, தீப்பிடித்த, சாய்ந்த கப்பலில் யார் ஏறுவார்கள்? எதிரி திரும்பி வந்தால்? ஏறியவர்கள் பார்த்தபோது பின்பக்கம் இருந்த எஞ்சின் ரூம் அடிபடாமல் இருந்தது. தீயை அணைத்தார்கள். மறுபக்கத் தொட்டிகளில் நீர் விட்டுச் சாய்வை நிமிர்த்தினார்கள். எஞ்சினைக் கிளப்பினார்கள். தலைமைப் பொறியாளர் இறந்துபோன எஞ்சின் ரூமில் மற்றவர்கள் சேர்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். வால்வு வால்வாகத் தடவிப் பார்த்து, எந்தக் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியாமல், வெளிச்சம் இல்லாமல் அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படிக்கும்போதே உள்ளங்கை வியர்க்கும்.

ஃப்ரீமேண்டிலுக்கு 1,400 கடல் மைலுக்கு மேல். சங்கேதப் புத்தகங்களைக் கப்பலைக் கைவிடும்போதே கடலில் போட்டிருந்தார்கள், அதுதான் விதி. அதனால் மறைமொழி இல்லாமல் வெளிப்படையாக உதவி கேட்டு ரேடியோ அனுப்பினார்கள். ஜப்பானியரின் பொறியாக இருக்குமோ என்று கரையில் சந்தேகப்பட்டதால் பதில் வரவில்லை. காயம்பட்டவர்களுக்கு மருத்துவர் இல்லை. கரை நெருங்கும் சமயத்தில் வாங்கனெல்லா என்ற மருத்துவமனைக் கப்பல் எதிர்ப்பட்டு உதவியது. நவம்பர் 18-ல் ஒண்டினா ஃப்ரீமேண்டில் துறைமுகத்துக்குள் தானே வந்து சேர்ந்தது.

கப்பலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டார்கள், மறுபடி எண்ணெய் ஏற்றியது. 1959-ல்தான் உடைத்தார்கள். ஹோர்ஸ்மனுக்கு இறந்த பிறகு நெதர்லாந்தின் மிக உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள்.

விசாகை_சோனார் பதில்:

சார், டீச்சர், இருவருக்கும் வணக்கம். நான் கடற்படையில் சோனார் பிரிவில், அதாவது ஒலியலையால் நீர்மூழ்கியைத் தேடும் பிரிவில் இருந்தவன். கண்காட்சிக்கு இன்னொரு சம்பவம் தருகிறேன், நம் கரைக்குப் பக்கத்தில் நடந்தது.

1944 பிப்ரவரி 11. கொழும்பிலிருந்து கல்கத்தா போன கப்பல் கூட்டம் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. காவலுக்கு எச்.எம்.ஐ.எஸ். ஜம்னாவும், லான்செஸ்டன், இப்ஸ்விச் என்ற இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும். அந்த இரண்டும் பெங்காலின் அதே பாதர்ஸ்ட் வகை. ஆர்.ஓ.-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி அஸ்ஃபாலியன் என்ற சரக்குக் கப்பலை டார்பிடோவால் அடித்தது. அஸ்ஃபாலியன் மூழ்கவில்லை. மூன்று காவல் கப்பல்களும் ஒலியலையால் நீர்மூழ்கியைத் தேடிப் பிடித்து ஆழ்வெடிகளைப் போட்டன. நீர்மூழ்கி அழிந்தது. பாதர்ஸ்ட் கப்பல் உண்மையில் செய்யக் கட்டப்பட்ட வேலை இதுதான். காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, போன ஒலி திரும்பி வருகிறதா என்று மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பது. நூறு தடவையில் தொண்ணூற்றொன்பது தடவை மீன் கூட்டமாகவோ கடல்நீரின் வெப்ப மாற்றமாகவோ இருக்கும். அடுத்த தடவையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டும்.

அதே வருஷம் ஆகஸ்ட் 12-ல் செய்ஷெல்ஸ் பக்கம் எச்.எம்.ஐ.எஸ். கோதாவரியும் ஃபிண்ட்ஹார்ன் என்ற பிரிட்டிஷ் கப்பலும் சேர்ந்து யு-198 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை அழித்தன. கோதாவரி, ஜம்னா, நர்மதா, காவேரி என்று நதிப் பெயர் கொண்ட ஸ்லூப்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை, அதுதான் வருத்தம்.

மருதம்_டீச்சர்:

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. படகில் இருந்தவர்களைச் சுட்ட பகுதியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன். ஐயா, கடைசியாக இரண்டு கேள்வி. ஐகோக்கு மாரு தப்பித்துவிட்டதா? பெங்கால் என்ன ஆனது? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

டேங்கர்க்காரன் பதில்:

டீச்சர், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் தாங்குவார்கள், மறைத்தால்தான் பின்னால் நம்மை நம்ப மாட்டார்கள்.

ஐகோக்கு மாரு அன்றைக்குத் தப்பியது. 1944 பிப்ரவரி 17-ல் பசிபிக்கில் ட்ரக் தீவில் நின்றபோது அமெரிக்க விமானங்கள் தாக்கின, பெரிய வெடிப்போடு மூழ்கியது. நவம்பர் 11 சண்டைக்குப் பிறகு ஆயுதம் பொருத்திய வணிகக் கப்பல்களை இந்துமாக்கடலுக்குக் கொள்ளைக்கு அனுப்பும் வேலையை ஜப்பான் கைவிட்டது. இதைப் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள். பெரிய போர்க்கப்பல்கள் பின்னால் 1944-ல் ஒருமுறை வந்தன, ஆனால் இந்த மாதிரிக் கப்பல்கள் வரவில்லை. ஒரு டேங்கரும் ஒரு குட்டிக் காவல் கப்பலும் சேர்ந்து அந்தப் பாதையில் போன எத்தனையோ கப்பல்களுக்கு நிம்மதி வாங்கிக் கொடுத்திருக்கின்றன.

பெங்கால் போர் முடியும்வரை பணியில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவின் பங்கில் வந்து இந்தியக் கடற்படையில் தொடர்ந்தது. 1960-ல் உடைத்தார்கள். மாலுமிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வளவு செய்த இந்திய மாலுமிகளுக்கு வெள்ளைக்கார மாலுமிகளுக்குச் சமமான சம்பளமோ சாப்பாடோ மரியாதையோ கிடைக்கவில்லை. 1946 பிப்ரவரியில் பம்பாயில் தொடங்கிய கடற்படை எழுச்சிக்கு அந்த ஆத்திரமும் ஒரு காரணம். பாடப் புத்தகத்தில் எழுச்சி வரும், அதற்கு முந்தைய நாலு வருஷம் அவர்கள் கடலில் என்ன செய்தார்கள் என்பது வராது. முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

வரைபடம் போடுவதாக இருந்தால் சண்டை நடந்த இடம் தெற்கே 19 பாகை 45 கலை, கிழக்கே 92 பாகை 40 கலை. அங்கிருந்து இரண்டு கோடு இழுக்கச் சொல்லுங்கள்: வடமேற்கே டியாகோ கார்சியாவுக்குப் பெங்கால் போன பாதை, தென்கிழக்கே ஃப்ரீமேண்டிலுக்கு ஒண்டினா திரும்பிய பாதை. கப்பல்களின் அளவையும் ஒரே அளவுகோலில் வரையச் சொல்லுங்கள். வரைந்து முடித்ததும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.